திருநீறு பூசிய கோழிக்குஞ்சு

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. நிற்கவும் கிடைக்காது. படிக்கட்டில் தொங்கலாம், அதுவும் முந்திக்கொண்டவர்களுக்குத்தான். பாதி வழியில் கண்டக்டர் விசில் ஊதுவார். "கோழிச்சாமி ஸ்டாப்பு! எறங்கு எறங்கு!" அவ்வளவுதான், பஸ்ஸே காலியாகிவிடும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் அந்த இடத்துக்கு ஸ்டாப்பும் கிடையாது, பேரும் கிடையாது. ஒரு பாழடைந்த மோட்டார் கொட்டகை, பக்கத்தில் ஒரு வேப்பமரம். அந்த ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரி கேட்டு மனுப் போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டு மனுப் போட்டார்கள், ஒரு செங்கல் கூட வந்து சேரவில்லை. சாமியார் வந்தார், பஸ்ஸே நின்றுவிட்டது. நாட்டில் யாருக்கு எது வேகமாகக் கிடைக்கிறது பாருங்கள்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷம் அது. டீக்கடையில் எங்கு பார்த்தாலும் சதவீதப் பேச்சுத்தான். மறியல் முடிந்து, மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டு, வண்டிகள் ஓட ஆரம்பித்த சமயத்தில்தான் கோழிச்சாமி அந்தக் கொட்டகையில் பிரசன்னமானார். கல்வராயன் மலையில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்தாராம். ஞானக்கண் திறந்ததாம். திறந்த கண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன பார்த்தார் தெரியுமா? கோழிக்குஞ்சு பார்த்தார்.

சிரிக்காதீர்கள். பிறந்து ஒரு நாள் ஆன குஞ்சைக் கூடையிலிருந்து எடுப்பார். எல்லாம் கரிக்கட்டை மாதிரிக் கறுப்புக் குஞ்சுகள். நெற்றிக்கு நேரே உயர்த்துவார். கண்ணை மூடுவார். முக்கால்வாசிதான் மூடுவார், மிச்சம் கால்வாசியைப் பக்தர்கள் கவனிப்பதில்லை. "சேவல்!" என்பார். இல்லையென்றால் "பொட்டை!" என்பார். சொன்ன கையோடு ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்துக் குஞ்சின் தலையில் அப்பி, காசு வாங்கிக்கொண்டு பக்தர் கையில் கொடுப்பார். "தானா உதிருற வரைக்கும் தொடாதீங்க. தொட்டா குஞ்சு செத்துடும்" என்பது உத்தரவு. சாமி வைத்த திருநீற்றை அழிக்க அந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? தன் பிள்ளை நெற்றியில் வைத்ததையே வேர்த்தால்கூடத் துடைக்க மாட்டார்கள்.

நாட்டுக்கோழிக் குஞ்சை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல ஒருவராலும் ஆகாது. ஒரே அடையில் கறுப்பும் வெள்ளையும் செவலையும் புள்ளியுமாகப் பொரிக்கும். கொண்டை தடிக்கிற வரைக்கும் எது சேவல், எது பொட்டை என்று பெற்ற கோழிக்கே தெரியாது. ஆனால் சாமி சொன்னது தப்பவில்லை. அவர் சேவல் என்றது சேவலாகவே வளர்ந்தது, பொட்டை என்றது பொட்டையாகவே வளர்ந்தது. "நூத்துக்கு நூறு சதவீதம்!" என்று டீக்கடை அம்மாசி சத்தியம் செய்தான். அந்த வருஷம் வேறு யாருக்கும் கிடைக்காத சதவீதம் அது.

போதாததற்குச் சாமி குஞ்சின் சாதியும் சொன்னார். "இது சீமைச் சாதி. இது சீமையும் நாடும் கலந்த சாதி." மனிதர்களெல்லாம் சாதிச் சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்றுகொண்டிருந்தபோது, கோழிக்கு நின்ற இடத்தில் சாதி கிடைத்தது. யாராவது தங்கள் வீட்டு நாட்டுக் குஞ்சைக் கொண்டுவந்து நீட்டினால் மட்டும் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார். "தீட்டுக் குஞ்சு. தொடமாட்டேன்." தீட்டு என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் அதற்கு மேல் கேள்வி கேட்பார்களா? பத்தடி தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோழியோடு நிறுத்தியிருந்தால் அம்சவள்ளிக்கு ஒன்றுமில்லை. சாமி நிறுத்தவில்லை. முட்டைக்குள் இருந்து வந்ததைச் சொல்கிறவருக்கு வயிற்றுக்குள் இருப்பது தெரியாதா என்று எவனோ கேட்டுவைக்க, மறு வாரமே கர்ப்பிணிகளுக்குத் தனி வரிசை போட்டுவிட்டார்கள்.

அம்சவள்ளிக்கு மூன்றும் பெண்கள். நாலாவது வயிற்றில், ஐந்து மாசம். மாமியார் பூமாலை அவளை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். புருஷன் வீரமுத்து பின்னால் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான். அம்மா பேசும்போது அவன் அப்படித்தான் நிற்பான்.

சாமி முதலில் கேட்ட கேள்வி, "வூட்டுல கறவை இருக்குதா?"

"இருக்குதுங்க சாமி. செவலைப் பசு. இவ பொறந்த வூட்டுல குடுத்தது" என்றாள் பூமாலை பெருமையாக.

சாமி ஒரு கறுப்புக் குஞ்சை அம்சவள்ளியின் வயிற்றுக்கு நேராகப் பிடித்தார். முக்கால் கண்ணை மூடினார். "பொட்டை" என்றார், குஞ்சுக்குச் சொன்ன அதே குரலில். அப்புறம் பெரிய மனசு பண்ணி வழியும் சொன்னார். கருமாற்றுப் பூசை. அடுத்த செவ்வாய். வயிற்றில் இருப்பதை ஆணாக மாற்றித் தருவார். தட்சிணை அந்தச் செவலைப் பசு.

"மாத்தியும் பொண்ணே பொறந்தா?" என்றாள் அம்சவள்ளி.

"நம்பிக்கை கொறவுன்னு அர்த்தம்" என்றார் சாமி.

அடடா, என்ன ஏற்பாடு! பையன் பிறந்தால் பூசை பலித்தது, பெண் பிறந்தால் பெற்றவள் நம்பவில்லை. பசு ரெண்டு விதத்திலும் சாமிக்கு.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே பூமாலை முடிவைச் சொல்லிவிட்டாள். "மாட்டைக் குடுத்துடறோம். அதுக்கும் மேல பொண்ணு பொறந்துச்சின்னா வைகாசியில என் அண்ணன் பொண்ண ரிஷிவந்தியத்துலேர்ந்து கூட்டியாந்துடுவேன். வம்சம்னு ஒண்ணு வேணுமில்ல?"

அம்சவள்ளி புருஷனைப் பார்த்தாள். "நீங்க இன்னா சொல்றீங்க?"

வீரமுத்து வானத்தைப் பார்த்தான். "மழ வரும்போல இருக்குது" என்றான்.

மழை வந்தது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அந்தப் பசுவின் பால்தான் மூன்று பெண்களும் பள்ளிக்கூடம் போகிற வழி. அது போய்விட்டால் பெரியவளை இந்த வருஷமே களையெடுக்க அனுப்பிவிடுவார்கள். அது போய், தான் பெறுவது பெண்ணாகவும் இருந்தால், அப்புறம் அந்த வீட்டில் அவள் சக்களத்திக்குச் சோறாக்கிப் போடுகிறவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியாருக்கு முன்னால் அழுதால் அதையும் கெட்ட சகுனம் என்பாள் என்று அடக்கிக்கொண்டாள்.

அவள் மடியில் சாமி கொடுத்த ரெண்டு குஞ்சுகள். ஒன்று சேவல், ஒன்று பொட்டை. வீட்டுக்குள் வந்து முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள். குஞ்சுகள் தொப்பலாக நனைந்திருந்தன. திருநீறு மொத்தமும் கரைந்து ஓடிவிட்டது. ஐயோ, செத்துப்போகுமே என்று ஒரு நிமிஷம் பதறினாள். குஞ்சுகள் சாகவில்லை. நொய் கேட்டுக் கத்தின.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பொட்டைக் குஞ்சின் தலை முழுக் கறுப்பு. சேவல் குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் திருநீறு போகாமல் ஒரு வெள்ளைப் புள்ளி. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. திருநீறு இல்லை அது, மயிரே வெள்ளை!

மறுநாள் மலையிலிருந்து வெள்ளச்சி சாமை மூட்டையோடு இறங்கியிருந்தாள். வருஷா வருஷம் அம்சவள்ளி வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள்.

"ஏன் வெள்ளச்சி, பன்னண்டு வருசமா ஒங்க மலையில ஒரு சாமி தவம் பண்ணாராமே?"

"எந்த ஊர்ல?"

"அது தெரியல. மலையில."

வெள்ளச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க மலையில ஒருத்தன் ஆடு காணாப்போனா மூணு ஊருக்குத் தெரியும். பன்னண்டு வருசம் ஒருத்தன் சோறு தின்னுக்கினு ஒக்காந்திருந்தா எங்களுக்குத் தெரியாதா? ஏமாந்த ஜனம் நீங்க. எதுக்கெடுத்தாலும் மலைய காட்டிட்டா நம்பிடுவீங்க."

அது அம்சவள்ளிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே தெருவில் ஒரு சுற்று வந்தாள். அம்மாசி வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் அந்த வாரம் வாங்கிய குஞ்சுகளைக் கொஞ்சுகிற சாக்கில் ஈரக்கையால் தலையைத் தடவிப் பார்த்தாள். சாமி சேவல் என்றதற்கெல்லாம் புள்ளி. பொட்டை என்றதற்கெல்லாம் ஒன்றுமில்லை. ரெண்டு மாசம் முன்னால் வாங்கியவையும் கொல்லையில் திரிந்தன. அவற்றில் சேவல்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளை வரி விழுந்திருந்தது, பொட்டைகள் கறுப்பாகவே நின்றன. கடவுள் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைத்ததைச் சாமியார் சாம்பல் போட்டு மூடி, தனக்கு மட்டும் தெரிந்ததாகச் சொல்லி ஊரை ஏய்த்திருக்கிறார்!

இன்னொன்றும் தெரிந்தது. கர்ப்பிணிகளை விசாரித்தாள். மாடு இருக்கிற வீட்டுக்கெல்லாம் பெண் என்று சொல்லியிருந்தார். மாடு இல்லாத வீட்டுக்கெல்லாம் ஆண். அந்த வட்டாரத்தில் கருவைத் தீர்மானித்தது மாட்டுக் கொட்டில்தான்.

வீட்டில் சொன்னாள். பூமாலை காதைப் பொத்திக்கொண்டாள். "சாமிய சோதிக்காதடி பாவி. வவுத்துப் புள்ளைக்கு ஆவாது."

சரி, இவர்களிடம் சொல்லிப் புண்ணியமில்லை என்று அம்சவள்ளி விட்டுவிட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாசி வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் போய், "நாளைக்குப் பூசைக்குப் போறேன், ஒங்க குஞ்சையும் குடுங்க, இன்னொரு வாட்டி மந்திரிச்சிக்கினு வரேன்" என்றாள். ஆறு குஞ்சுகள் சேர்ந்தன. சாமி பொட்டை என்று சொன்ன குஞ்சுக்கு அந்தத் தெருவில் காலில் சிவப்புத் துணி கட்டி வைப்பார்கள், அடையாளத்துக்கு. மூன்று குஞ்சுக்குச் சிவப்புத் துணி இருந்தது, மூன்றுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாமியாரின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். ஈர்க்குச்சி நுனியில் சுண்ணாம்பைத் தொட்டுச் சிவப்புத் துணிக் குஞ்சுகளின் உச்சியில் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள். சின்னவளின் மை டப்பாவை எடுத்து மற்ற மூன்று குஞ்சுகளின் வெள்ளைப் புள்ளி மேல் நன்றாகத் தேய்த்தாள். வேலை செய்யும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு.

கொட்டகை வாசலில் கூட்டமான கூட்டம். எலவனாசூர்கோட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். வீரமுத்து செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாமி பசுவின் மடியைப் பார்த்த பார்வையில் ஞானக்கண் முழுசாகத் திறந்திருந்தது.

"சாமி, பூசைக்கு முன்னால ஒண்ணு" என்று கூடையை இறக்கினாள் அம்சவள்ளி. "நீங்க குடுத்த குஞ்சுங்கதான். மழையில திருநீறு போயிடுச்சி. எது சேவலு, எது பொட்டைன்னு எனக்குக் கொழப்பமா இருக்குது. மறுக்கா சொல்லிட்டீங்கன்னா புண்ணியமா போவும்."

முன்வரிசையில் நின்ற அம்மாசி, "அதான் துணி கட்டி..." என்று வாயெடுத்தான். அம்சவள்ளி அவன் கால் கட்டைவிரலை மிதித்தாள். அவன் "ஆ" என்று நிறுத்திக்கொண்டான்.

சாமிக்குக் கண்ணெல்லாம் பசு மேல். இந்தக் கேள்வி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரு குஞ்சை எடுத்து நெற்றிக்கு நேரே தூக்கினார். உச்சியில் வெள்ளைப் பொட்டு. "சேவல்!"

கூட்டத்தில் முன்வரிசை மட்டும் முழித்தது. அந்தக் குஞ்சின் காலில் சிவப்புத் துணி ஆடியது.

அடுத்தது. தலை முழுக் கறுப்பு. "பொட்டை!" காலில் துணி இல்லை.

"சேவல்! சேவல்! பொட்டை! பொட்டை!" என்று மிச்சம் நாலையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுச் சாமி திருநீற்றுத் தட்டை இழுத்தார்.

"யோவ்!" என்று கத்தினான் அம்மாசி. "போன வாரம் எனக்கு இத பொட்டைன்னு குடுத்தியே! பொட்டைன்னு சொல்லித்தானே ஜாஸ்தி வாங்கினே!"

"எனக்கு அத சேவல்னு சொன்னாரு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "சேவல் ஒரே வாரத்துல பொட்டை ஆயிடுச்சா?"

சாமி சளைக்கவில்லை. "தீட்டு! இவ சந்தேகத்தோட கூடைய தொட்டா, அதான் குஞ்சே மாறிப்போச்சி!"

கூட்டத்தில் பாதிப் பேர் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார்கள். ஆட்டுவதற்கென்றே வைத்திருக்கிற தலைகள்.

அம்சவள்ளி ஒரு செம்பில் தண்ணீர் வாங்கி முந்தானையை நனைத்தாள். முதல் குஞ்சைத் துடைத்தாள். சுண்ணாம்பு போனது, தலை கறுத்தது. ரெண்டாவது குஞ்சைத் துடைத்தாள். மை போனது, வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தது. ஆறையும் துடைத்து வரிசையாக விட்டாள். அப்புறம் சாமியின் சொந்தக் கூடையிலேயே கையை விட்டு ஒரு குஞ்சை எடுத்தாள்.

"புள்ளி இருக்குது, சேவல். இதுக்கு இல்ல, பொட்டை. இது சேவல். இதுவும் சேவல். பார்த்துக்கோங்க, நான் எந்த மலையிலயும் தவம் பண்ணல." சாமி பக்கம் திரும்பினாள். "என் வவுத்துக்குள்ள இருக்கறது தெரியுதுன்னு சொன்னீங்களே, இந்தச் சுண்ணாம்புக்கு அடியில இருந்தது தெரியலியா ஒங்களுக்கு?"

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எலவனாசூர்கோட்டைக்காரி ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அம்சவள்ளியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "அம்மா தாயே! என் மருமவளுக்கு இன்னா பொறக்கும்னு நீயாச்சும் சொல்லும்மா!"

"எழுந்திரிம்மா மொதல்ல!" என்று அம்சவள்ளி போட்ட அதட்டலில் செவலையே மிரண்டு ஓரடி நகர்ந்தது. "இவ்ளோ நேரம் இன்னாத்த பார்த்துக்கினு இருந்தீங்க?"

சாமி பின்பக்கமாக நழுவப் பார்த்தார். அங்கே வீரமுத்து நின்றான். அவன் வாழ்நாளில் முதல் தடவையாக அம்மாவைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். சாமியின் துண்டைப் பிடித்துக்கொண்டான். துண்டு மட்டும் இல்லை, கூடவே சடைமுடியும் கையோடு வந்தது. உள்ளே கிராப்பு.

உதை விழுவதற்கு முன்னாலேயே உண்மை விழுந்தது. பெயர் ராஜாங்கம். தூரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் குஞ்சுப் பெட்டி ஏற்றுகிற வேலை. "செவப்புச் சீமச் சேவலையும் வரிபோட்ட சீமப் பொட்டையையும் சேர்த்து விட்டா இந்த மாதிரிக் குஞ்சுதான் பொரிக்கும். சேவலுக்குப் புள்ளி இருக்கும், பொட்டைக்கு இருக்காது. பண்ணையில எல்லாருக்கும் தெரியும்ங்க. மறியல்ல லாரி மாட்டிக்கிச்சி. குஞ்சு செத்துக்கினு இருந்துச்சி. ரெண்டு பொட்டிய எடுத்துக்கினு எறங்கினேன். சும்மா பார்த்துச் சொன்னேன், கால்ல வுழுந்தாங்க. நான் இன்னா பண்றது? அப்புறம் வாரா வாரம் பஸ்ஸுல பொட்டி வரவெச்சேன்."

அவன் சொன்னதில் பாவம் ஒரு நியாயம் இருந்தது. விழுகிற காலை எவன் இழுத்துக்கொள்வான்?

"அப்போ வவுத்துப் புள்ளையப் பத்தி?" என்று பூமாலை முன்னால் வந்தாள். அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "அது எல்லாமே பொய்யா? இவ வவுத்துல பொண்ணுன்னு சொன்னியே! இவதானே பொண்ணு பொண்ணா பெத்துப் போடறா!"

ராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். "அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு, எங்க பண்ணை டாக்டரு சொன்னாரு. கோழியில சேவலா பொட்டையான்னு முடிவு பண்றது பொட்டைக் கோழியாம். மனுசங்கள்ல அது தலைகீழாம், ஆம்பளதானாம். பொம்பள கையில ஒண்ணும் கெடையாதாம். சத்தியமா இது மட்டும் பொய் இல்லம்மா."

ரெண்டு மாசத்தில் அந்த வேப்பமரத்தடியில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது.

அம்சவள்ளி பசுவின் கயிற்றைப் புருஷன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மாமியாருக்கு எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையும் குறைக்கவில்லை.

"கேட்டுக்கினீங்களா அத்த? கோழியா இருந்தா என்னைக் கேட்கலாம். நான் கோழி இல்ல. ரிஷிவந்தியத்துலேர்ந்து இன்னொருத்திய கூட்டியாந்தாலும் முடிவு பண்ணப் போறவரு இவருதான். இனிமே கேட்கறதெல்லாம் ஒங்க புள்ளையவே கேளுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீரமுத்து மறுபடியும் வானத்தைப் பார்த்தான். இந்தத் தடவை மழை வரும்போல இல்லை. பூமாலை வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே சுண்ணாம்பு குறைந்திருந்தது.

பூசைக்குப் போன மாடுகள் அவரவர் கொட்டிலுக்குத் திரும்பின. ராஜாங்கம் அடுத்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனான். ரிஷிவந்தியத்துப் பேச்சை அந்த வீட்டில் அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பெரியவள் களையெடுக்கப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள். கோழிச்சாமி ஸ்டாப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் நாலைந்து பேர் இறங்கி, சாமி உட்கார்ந்த வேப்பமரத்தடி மண்ணை அள்ளி நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்களாம். மண்ணுக்கு என்ன தெரியும், அது எல்லார் நெற்றியிலும் ஒட்டும்.

பங்குனியில் அம்சவள்ளிக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம்.

ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வருகிறதா? அப்படியென்றால் உங்கள் தலையிலும் ராஜாங்கத்தின் திருநீறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முந்தானையோ துண்டோ, கையில் கிடைத்ததை நனைத்து நன்றாகத் துடையுங்கள். ஒன்றும் ஆகாது. அடியில் மூளை என்று ஒன்று இருக்கும், அதையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.